சுவரில் எண்ணெய்க் கறை

தெல்லிப்பழையில் மகளின் வீட்டுக்கு நாங்கள் குடிவந்தது ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகத்தான். வீடு புதிது, மகள் கனடாவில். என் கணவருக்கோ மறதி முற்றிவிட்டது. பொழுதுபடத் தொடங்கினால் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, "வீட்டை போவம்" என்று வாசல் படலையடிக்குப் போய்விடுவார். ஒருநாள் நான் கண்ணயர்ந்துவிட்டேன். தண்டவாளத்தில் நடந்து போனவரை யாரோ கூட்டிவந்து விட்டார்கள். அன்றைக்குப் பிடித்த பயம் என்னை விடவேயில்லை.

அவர் வீட்டுக்குப் போக முடியாதென்றால் வீடு இங்கே வரட்டும் என்று முடிவெடுத்தேன். பழைய வீட்டின் பிரம்புக் கதிரை, கண்ணாடி அலுமாரி, அவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த ரேடியோக்கள் எல்லாம் உழவு இயந்திரத்தில் வந்து இறங்கின. மகளின் சோபாவைப் பின்னறைக்குத் தள்ளினேன். மின்சாரம் இல்லாத சண்டைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட ரேடியோவை அலுமாரியின் நடுத்தட்டில், முன்பு இருந்ததுபோலவே கொஞ்சம் சரித்து வைத்தேன்.

உதவிக்கு வந்த தங்கை சிரித்தாள். "அக்கா, உது வீடோ, ரேடியோக் கடையோ?"

"உனக்கென்னடி, உன்ரை மனுசன் வீட்டிலை இருக்கிறார்," என்றேன். அவள் அலுமாரியின் மறுபக்கத்தைப் பிடித்துத் தள்ளினாள்.

இன்னும் ஏதோ குறைந்தது. பழைய வீட்டில் கதிரைக்குப் பின்னால், அவர் தலை பட்டுப்பட்டுச் சுவரில் ஊறிய எண்ணெய்க் கறை. அதற்காக நான் அவரைப் பேசாத பேச்சில்லை. இப்போது நல்லெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, மகளின் புதுச் சுவரில் அவர் தலை உயரத்துக்குத் தேய்த்தேன். விசர் பிடித்தது யாருக்கென்று தங்கை யோசித்திருப்பாள். அழுகை வந்தது. அழுதுகொண்டே தேய்த்தேன்.

பின்னேரம் அவரைக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினேன். சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த ரேடியோவின் குமிழைத் திருகினார். தலையைச் சுவரில் சாய்த்தார். முகம் தெளிந்தது. பிழைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"நல்ல ரசனையான ஆக்கள்," என்றார். "எங்கடை வீடும் இப்பிடித்தான் இருக்கும்."

பிறகு தோளைத் தடவிச் சால்வையைத் தேடினார். "நான் வெளிக்கிடப் போறன், பிள்ளை. மனுசி அங்கை தனிய. இருட்டினால் பயப்பிடுவா."

சால்வை என் முதுகுக்குப் பின்னால், என் கையில் இருந்தது.

"அவ பயப்பிட மாட்டா," என்றேன். "நீங்கள் இருங்கோ."

"உமக்குத் தெரியாது," என்றார். "வெளியிலை காட்ட மாட்டா. ஆனால் சரியான பயந்தாங்கொள்ளி."