வாசல்படி மிதிக்காத ஏஜென்ட்

தைப்பிங்கில் வீடு விற்றுக் கொடுக்கும் ஏஜென்டுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் விற்பதற்கு முன்பே அந்த வீட்டில் பாதிக் குடித்தனம் நடத்திக் காட்டுகிறவன் ஆ ஹோக் ஒருவன்தான். வந்தவர்களை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு இவன் வெறுந்தரையில் மல்லாந்து படுப்பான். "காத்து வருதா இல்லையா? இங்க ஏர்கோன் மாட்டுறவன் பைத்தியக்காரன்!" என்பான். அடுத்து சமையலறைக்குப் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிடுவான். தண்ணீர் தெறித்து வந்தவர்களின் சட்டை நனையும். நனைந்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டை வாங்கிவிடுவார்கள். ராசிக்கென்று எப்போதும் சிவப்புச் சட்டைதான் போடுவான். தூரத்தில் வரும்போது தபால் பெட்டி நடந்து வருகிறதோ என்று இருக்கும்.

என் டயர் கடைக்கு நேர் எதிர் வீடு தியான் கியாட்டுடையது. அவனும் ஆ ஹோக்கும் சீனப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பிரம்பில் அடி வாங்கியவர்கள். கியாட்டின் மனைவி மூய்க்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன. மகள் பினாங்கில் இருக்கிறாள். அங்கே ஒரு சின்ன அடுக்குமாடி வீடு வாங்கிப் போய்விட்டால் மகள் பார்த்துக்கொள்வாள், ஆஸ்பத்திரியும் பக்கம். அதற்கு இந்த வீடு விற்றாக வேண்டும். மூய் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே வந்தாள். கியாட் வேறு யாரையும் தேடவில்லை. சாவியை ஆ ஹோக் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தான்.

முதல் இரண்டு வாரம் ஆ ஹோக் வழக்கம்போலத் தரையில் படுத்தான், குழாயைத் திறந்தான். அப்புறம் என்ன ஆயிற்றோ, ஆள் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். வாங்க வந்தவர்களை மட்டும் உள்ளே அனுப்புவான். கேட்டால், "முட்டி வலி. சப்பாத்தக் கழட்டி மாட்ட முடியல" என்பான். மூய் காப்பி கலந்து அனுப்பினால் கேட்டில் சாய்ந்துகொண்டே குடிப்பான். சிவப்புச் சட்டை போய், சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று வந்தது. வண்ணான் கடையில் சட்டை மாறிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

இவன் வெளியே நின்றால் உள்ளே காட்டுவது யார்? கியாட். அவனுக்குப் பொய் சொல்ல வராது. "இந்த மூலையில ஒழுகும். மழைக்காலத்துல ரொம்ப ஒழுகும்," என்று வாளியையும் எடுத்துக் காட்டுவான். வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தைப்பிங்கில் மழையில்லாத காலம் எது?

எங்கள் தெருவில் ஆ ஹோக்குக்குக் 'காவல்கார ஏஜென்ட்' என்று பேர் விழுந்தது. யார் வைத்தார்கள் என்று கேட்காதீர்கள்.

சீனப் புத்தாண்டு வந்தது. வருஷா வருஷம் முதல் ஆளாக ஆரஞ்சுப் பழப் பையோடு வந்து நிற்கிற ஆ ஹோக் அந்த வருஷம் எட்டிப் பார்க்கவில்லை. மூய் அவனுக்கென்று எடுத்து வைத்த அன்னாசி பிஸ்கட் டப்பா அப்படியே இருந்தது. கியாட்டுக்கு அதுதான் பொறுக்கவில்லை. அடுத்த முறை ஆ ஹோக் வந்தபோது நான் ஒரு லாரி டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். காது மட்டும் எதிர் வீட்டில் இருந்தது.

"உள்ள வா. பேசணும்."

"இங்கயே பேசுடா. முட்டி..."

"முட்டியாம் முட்டி! நேத்து மார்க்கெட்ல அரிசி மூட்டைய தூக்கிட்டு நடந்தியே, அப்ப அது யாரு முட்டி?"

ஆ ஹோக் கேட்டிலிருந்து ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

"என் வீட்டுல நோயாளி இருக்கா, ஒட்டிக்கும்னு பயமாடா? அவ கையால எத்தன தடவ சாப்பிட்டிருப்ப? உனக்கு முடியலன்னா சொல்லித் தொலச்சிருக்கலாம்ல? கூட்டாளின்னு நம்புனேன் பாரு, என்னைச் சொல்லணும்."

ஆ ஹோக் பையிலிருந்து சாவியை எடுத்துக் கேட்டின் மேல் வைத்தான். கம்பியில் கட்டியிருந்த 'விற்பனைக்கு' பலகையைத் தானே அவிழ்த்தான். முடிச்சு இறுகிக் கிடந்தது, ரொம்ப நேரம் ஆயிற்று. கியாட் உதவிக்கு வரவில்லை.

"வேற நல்ல ஆளா பாத்துக்கோ," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்து ஷார்லீன் என்று ஒரு பெண் ஏஜென்ட் வந்தாள். சின்ன வயசு, பெரிய கார். வந்த வேகத்தில் வீட்டை விற்றுவிட்டாள். கியாட் எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, "பாத்தியா ஆனே? வேலை தெரிஞ்சவன்னா இப்படி இருக்கணும்," என்றான். எங்கள் பக்கத்துச் சீனர்களுக்கு எந்தத் தமிழனும் 'ஆனே'தான், அண்ணன் என்கிற மரியாதை.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் காருக்குக் காற்றடிக்க என் கடைக்கு வந்தாள். வாயைக் கிளறாமல் நான் யாருக்கும் காற்றடிப்பதில்லை.

"கெட்டிக்காரிதான்மா நீ. எங்க காவல்கார ஏஜென்டால முடியாதத முடிச்சிட்டியே."

அவள் சிரிக்கவில்லை. "நான் எங்க முடிச்சேன் அங்கிள்? வாங்குற ஆளையும் புடிச்சி, விலையும் பேசி எங்கிட்ட அனுப்புனது அவருதான். கமிஷன்ல பங்கு குடுத்தேன், வாங்கல. பாவம், மகன் போனதுலருந்து அவரு யாரு வீட்டுக்குள்ளயும் போறதில்லயே."

"எந்த மகன்?"

"ஒரே மகன்தானே. ஆஸ்திரேலியாவுல கட்டட வேலைல மேலருந்து விழுந்து..."

பெற்றவர்கள் பிள்ளைக்குச் சாவுச் சடங்கு செய்யக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். கூடாரம் போடவில்லை, மேளம் இல்லை. சாம்பல் ஈப்போ கோயிலுக்கு நேராகப் போய்விட்டது. ஊருக்கு எப்படித் தெரியும்? துக்க வீட்டுக்காரனுக்குச் சிவப்பு ஆகாது. அவன் அடுத்தவர் வாசல்படியை மிதித்தால் அந்தத் துக்கமும் கூடவே உள்ளே நுழையும் என்பார்கள். நோயாளி படுத்திருக்கிற வீடு என்றால் கேட்கவே வேண்டாம். சாவு என்ற பேச்சுகூட மூய் காதில் விழக்கூடாது என்று ஆ ஹோக் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான்.

கியாட்டிடம் சொன்னேன். கடையில் கிடந்த பழைய டயர் மேல் அப்படியே உட்கார்ந்தான். "அவன் மகன் என் தோள்ல ஏறித்தான் முதல் தடவ சிங்க ஆட்டம் பாத்தான்," என்றான்.

பினாங்குக்குக் கிளம்பும் அன்று மூய் மகளின் காரில் படுத்திருந்தாள். காலையில் மூய் தன் கையால் கலந்த காப்பியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துக்கொண்டு, என் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினான் கியாட். ஆ ஹோக் வீட்டு வாசலில் சிவப்பு நிறம் என்று ஒன்றுமே இல்லை. கியாட் கேட்டைத் தள்ளினான். ஆ ஹோக் ஓடி வந்து உள்ளேயிருந்து தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"உள்ள வராதடா."

"தொறடா."

"நீ இங்க மிதிச்சிட்டுப் போய் அவ பக்கத்துல உக்காருவ. வேணாம். போறப்ப நல்லபடியா போங்க."

"ஹோக், அன்னைக்கு நான்..."

"விடு."

கம்பிக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். கியாட் காப்பிப் பையைக் கம்பி வழியாக நீட்டினான். ஆ ஹோக் ஒரு கையால் வாங்கிக்கொண்டான். குடிக்கவில்லை, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

"அந்தப் பொண்ணு குழாயத் தொறந்து காட்டுனாளா?" என்று கேட்டான்.

"இல்ல."

"காட்டியிருக்கணும்டா," என்றான். "இந்தத் தெருவுலயே உன் வீட்டுத் தண்ணிக்குத்தான் அவ்ளோ வேகம்."

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவேயில்லை.