பாறணைக்கு இருக்காத சுகந்தி

தீபாவளிக்கு முந்தின கிழமை டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். கிளினிக் வாசலில் சனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது.

"மிஸ், சுகந்தியின்ர நாடித்துடிப்பு எனக்குப் பிடிக்கேல்லை. கந்தசட்டி வருது. ஆறு நாளும் தண்ணியோட இருக்கப்போறனெண்டு சொல்லுறா. இந்த உடம்பு தாங்காது. எப்பிடியாவது மறியுங்கோ."

சொல்லிவிட்டு அவர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். எனக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. வன்னியில் ஒரு பெண்ணிடம் போய் விரதம் பிடிக்காதே என்று சொல்வது எப்படி? உளவளத்துணைப் பயிற்சியில் அதை ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் குறூப்

ஆஸ்பத்திரி மனநலப் பிரிவின் பின்னறையில், சாப்பாட்டோடு மனம் சண்டைபிடிக்கும் பெண்களுக்காகக் கிழமைக்கு ஒரு தடவை ஒரு குறூப் நடத்தினேன். கிளினிக்கில் அதை ஈற்றிங் டிஸோடர் என்போம். வீட்டுக்காரருக்குச் சொன்னால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். போர்க்காலத்தில் கஞ்சிக்கு வரிசையில் நின்று வந்த சனம் இது. பானையில் சோறு இருக்கும்போது சாப்பிடாமல் இருப்பது ஒரு வருத்தமா, நோயா என்று கேட்டால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஒழுங்காக வந்தவர்கள் மூன்று பேர். பூநகரியிலிருந்து கலா. வயல்காரி, வாய்க்காரி. பஸ் போய்விடுமோ என்று பயந்து எப்போதும் கதிரையின் நுனியில் இருப்பார். முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஜெசிந்தா. கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பம். மூவரில் அவள்தான் இளையவள், கேள்வி கேட்காமல் அவளால் இருக்க முடியாது. மூன்றாவது, விசுவமடுச் சுகந்தி. பாலர் பாடசாலை ரீச்சர்.

மத்தியானம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம். அதுதான் எங்கள் வைத்தியத்தில் பாதி. ஒருவரும் மற்றவரைச் "சாப்பிடுங்கோ" என்று வற்புறுத்தக் கூடாது, சாப்பாட்டுக் கோப்பையை எட்டிப் பார்க்கக் கூடாது, "என்ன இப்பிடி மெலிஞ்சு போனீர்" என்று கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன். ஆளைக் கண்டதும் எங்கள் ஊரில் முதலில் வாயில் வருவது இந்த மூன்றும்தான். அதனால் முதல் சில கிழமை அறையில் ஒருவருக்கும் கதைக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

கலாவும் ஜெசிந்தாவும் தட்டுத்தடுமாறியாவது முன்னேறினார்கள். சுகந்தி மட்டும் அகப்படவே இல்லை. கேட்டால் செவ்வாய் விரதம் என்பார், வெள்ளி விரதம் என்பார். ஆவணி ஞாயிறு, புரட்டாதிச் சனி, ஐப்பசி வெள்ளி, பிள்ளையார் கதை, திருவெம்பாவை. பஞ்சாங்கமே அவருக்குக் காவல் நின்றது. ஊரில் அவருக்கு நல்ல பெயர். கோயிலில் மற்றப் பெண்களுக்கு அவரைக் காட்டிப் புத்தி சொல்வார்களாம். வருத்தத்துக்குப் பாராட்டும் கிடைத்தால் அதை யார் விடப்போகிறார்கள்?

கணவரைக் கூப்பிட்டுக் கதைத்தேன். நல்ல மனிதர். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றார்.

"அவா சாமிக்குப் பிடிக்கிற விரதம் மிஸ். நான் மறிச்சு, பிறகு பிள்ளையளுக்கு ஏதும் நடந்தா?"

அந்த மனிதரிடம் அதற்கு மேல் என்ன கேட்பது? எனக்கு எரிச்சலும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஜெசிந்தாவின் கேள்வி

டொக்டர் சொன்ன அன்றே குறூப் இருந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. யன்னலைத் திறந்தேன், பூட்டினேன், மின்விசிறியைக் கூட்டினேன், குறைத்தேன். கடைசியில் நேராகவே கேட்டேன்.

"சுகந்தி, இந்த முறை கந்தசட்டியை விட்டால் என்ன? டொக்டர் பயப்படுறார்."

"மிஸ், அதை மட்டும் கேக்காதேங்கோ." சுகந்தியின் முகம் கதவடைத்தது. "கன வருசமாப் பிடிக்கிறன். நடுவில விடேலாது."

நான் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். அப்போது ஜெசிந்தா வாயைத் திறந்தாள்.

"அக்கா, உங்கட விரதம் எப்பிடி முடியுறது? எங்களுக்கெண்டா உயிர்த்த ஞாயிறோட தவக்காலம் முடிஞ்சிடும். அண்டைக்குச் சாப்பிடாட்டி அம்மா விடமாட்டா."

"பாறணையோட முடியும்," என்றார் சுகந்தி. "ஏழாம் நாள் விடியக் காலமை எழும்பிச் சமைச்சு, படைச்சுச் சாப்பிடுறது. சாப்பிட்டாத்தான் விரதம் முடிஞ்ச கணக்கு."

"என்னென்ன சமைப்பீங்கள்?"

சுகந்தி இப்படிக் கதைத்து நான் கேட்டதில்லை. பூசணிக்காய், வாழைக்காய், பயற்றங்காய், கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, கீரை, வடை, பாயசம். எதற்கு எப்போது தேங்காய்ப்பால் விடுவது என்பதுவரை கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். எனக்கே வாயூறியது.

"இதில உங்களுக்கு எது விருப்பம்?" ஜெசிந்தா விடவில்லை.

சுகந்தியின் கை அந்தரத்தில் நின்றது.

"நான்... பரிமாறுறனான்."

"பரிமாறின பிறகு?"

"ஏனம் கழுவோணும். பிறகு பள்ளிக்கூடம் போகோணும்."

கலா கதிரை நுனியிலிருந்து திரும்பினார். "நில்லும். அப்ப நீர் பாறணை பண்ணுறேல்லையோ?"

சுகந்தி கைப்பையை மடியில் இழுத்து வைத்தார்.

"ஒரு வருசமும்?"

"எல்லாரும் சாப்பிட்டிடுவினம்," என்றார் சுகந்தி மெதுவாக. "ஒருத்தரும் கேக்கேல்லை."

"அப்ப நீர் பிடிச்சது ஒண்டும் இன்னும் முடியேல்லையே!"

கலா அதைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. திகைத்துப்போய்ச் சொன்னார். சுகந்தி சட்டென்று எழும்பினார், கைப்பையை எடுத்தார், என்னைப் பாராமலே வெளியே போய்விட்டார். நான் விறாந்தை வரை ஓடினேன். அவர் வீதியைக் கடந்துவிட்டார்.

அந்தக் கிழமை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வீட்டில் சோறு இறங்கவில்லை. போன் எடுத்தால் கணவர்தான் கதைத்தார். "அவா கதைக்கிறா இல்லை மிஸ், வளவுக்குள்ளேயே நடந்துகொண்டு திரியிறா" என்றார். வோர்டில் கட்டில் ஒன்றுக்குச் சொல்லி வைத்துவிட்டு, அது தேவைப்படக் கூடாது என்று நேர்ந்துகொண்டேன்.

பழைய கணக்கு

அடுத்த குறூப் தீபாவளிக்கு முதல் நாள் வந்தது. ஒருவரும் வரமாட்டார்கள் என்றிருந்தேன். கலா வந்தார், ஜெசிந்தா வந்தாள். சுகந்தியின் கதிரை வெறுமையாக இருந்தது. நாங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சாப்பாட்டு நேரத்தில் அவர் வந்தார். கையில் பெரிய அடுக்குச் சாப்பாட்டுக் கரியர். முகம் வெளிறி வியர்த்திருந்தது.

"பழசு முடியாமப் புதுசை எப்பிடித் தொடங்கிறது மிஸ்?" என்றார். "போன வருசத்துப் பாறணையைச் சமைச்சுக்கொண்டு வந்தனான்."

வாழையிலைகளை விரித்தார். அகப்பையை எடுத்துக் கலாவுக்கு வைத்தார், ஜெசிந்தாவுக்கு வைத்தார், எனக்கும் வைத்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. திரும்ப வந்து கலாவுக்கு இன்னொரு கரண்டி வைக்கப்போனபோது கலா அந்தக் கையைப் பிடித்தார்.

"அகப்பையைத் தாரும். நீர் இரும்."

சுகந்தி இருந்தார். செய்வதற்கு ஒன்றுமில்லாத அந்தக் கைகள் சேலைத் தலைப்பைப் பிடித்துக் கசக்கின. கலா அவருடைய இலையில் கொஞ்சமாகச் சோறும் பூசணிக்காய்க் கறியும் வைத்தார். ஜெசிந்தா தன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் சட்டத்தை அன்று எல்லோரும் காப்பாற்றினோம்.

சுகந்தி சோற்றைப் பிசைந்தார். விட்டார். மறுபடி பிசைந்தார். எழும்பிவிடுவார் என்றே நினைத்தேன். வெளியே பூநகரி பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. கலா திரும்பியும் பார்க்கவில்லை.

முதல் வாய் உள்ளே போனபோது சுகந்தி அழுதார். அழுதுகொண்டே அடுத்த வாயை எடுத்தார். இலையில் வைத்த அளவும் முடியக் கன நேரம் எடுத்தது. அதுவரை நான் யன்னலுக்கும் எழும்பவில்லை, மின்விசிறிக்கும் எழும்பவில்லை.

அந்த முறை அவர் கந்தசட்டி பிடிக்கவில்லை. அன்றோடு சுகமாகிவிட்டார் என்று எழுதினால் அது பொய். பிறகும் சறுக்கினார், ஒருமுறை வோர்டிலும் இருந்தார். ஆனாலும் குறூப்புக்கு வருவதை மட்டும் விடவில்லை.

பிள்ளைகளே, விரதம் பிடிக்கும் பெண் உங்களிடம் வந்தால் அவருடைய சாமியோடு மல்லுக்கட்டாதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன், கதவு பூட்டுப்பட்டது. பாறணைக்கு எங்கே இருந்தீர் என்று கேளுங்கள். பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். எனக்கு அது இன்னும் கஷ்டம்தான்.

அன்று வெளிக்கிடும்போது சுகந்தி கரியரைக் கழுவிப் பூட்டினார். வாசலில் நின்று கலாவைப் பார்த்தார்.

"அதுக்கு முந்தின வருசத்துப் பாறணையும் கிடக்கு. அடுத்த கிழமை நீர் சமைச்சுக்கொண்டு வாரும். நான் வெறுங்கையோட வாறன்."