பேஸ் நாதன் கிட்டாரில் நான் சுற்றிய கம்பி

ராகி மாவு சலித்துக்கொண்டிருந்தேன். மருமகள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "அத்தே, பேஸ் நாதன் மாமா பெங்களூர்ல காலையில போயிட்டாராம். நாளைக்கு இங்க எடுத்துகினு வராங்களாம்" என்றாள். நான் சல்லடையைக் கீழே வைக்கவில்லை. மிச்ச மாவையும் சலித்து முடித்தேன். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்த பேஸ் கிட்டாருக்குள் இருந்த கம்பியைச் சுற்றியது யார் என்பதற்கு உயிரோடு இருந்த ஒரே சாட்சி அவர். அதை ஊருக்குச் சொல்லாமலே போய்விட்டார்.

முப்பதாம் நாள் பூசைக்குச் சின்னப் புத்தகம் ஒன்று போடுகிறோம் என்று அவரோடு பேண்டில் வாசித்தவர்கள் வந்தார்கள். "நாலு வரி நல்லதா எழுதிக் குடுங்க ஆயா" என்று கேட்டார்கள். நான் நாலாம் கிளாஸ் வரை படித்தவள். எழுத வரும். ஆனால் நாலு வரி எனக்குப் போதாது, நல்லதாக மட்டும் எழுதவும் தெரியாது. நாதனோடு வாசித்தவர்களும் அவர் வாசிப்புக்கு ஆடியவர்களும் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

தைரியநாதன் என்பது முழுப்பெயர். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்து ஷாப்டில், குழிக்குள் இறங்குகிறவர்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுக்கும் வேலை. சனி ஞாயிறு வந்தால் கிளப் டான்ஸ், கல்யாணம், மாதா கோவில் திருவிழா என்று பேண்டோடு போய்விடுவார். என் வீட்டுக்காரர் குப்புசாமி சுரங்கத்தில் எலக்ட்ரீசியன். இருவருக்கும் எட்டு வயது வித்தியாசம். நாதன் அவரை அண்ணே என்பார், என்னை அண்ணி என்பார். அந்த அண்ணே என்ற ஒரு சத்தம் வாசலில் கேட்டால் போதும். என் வீட்டுக்காரர் தட்டில் பாதிக் களியை விட்டுவிட்டு எழுந்துவிடுவார். நான் கூப்பிட்டால் மூன்றாம் தடவைதான் காது கேட்கும்.

அறுபத்தாறாம் வருஷம், என் இரண்டாவது பெண் தவழ்ந்துகொண்டிருந்தாள். ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிய ஒரு ஆங்கிலோ-இந்தியர் தன் பேஸ் கிட்டாரை நாதனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பார்க்க அழகாக இருந்தது, ஆனால் பேசவில்லை. சத்தத்தைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபயரும் இல்லை. ஸ்கெலட்டன் என்கிற தொழிலாளர் லைனில் இருந்த எங்கள் வீட்டுக்கு அதைத் தூக்கி வந்து, பிள்ளையைக் கிடத்துவது போல் பாயில் கிடத்தினார். என் வீட்டுக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் பிள்ளை பெற்றபோது அவர் இவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. உள்ளதைத்தான் எழுதுகிறேன்.

ஆம்ப்ளிஃபயரை அவர்தான் செய்தார், அதை நான் மறுக்கவில்லை. பழைய ரேடியோக்களின் வால்வு, சினிமாக் கொட்டகையில் கழித்துப் போட்ட ஸ்பீக்கர், பெட்டிக்கு வெடிமருந்துப் பெட்டியின் பலகை. முதலில் தட்டிப் பார்த்தபோது தகர டப்பா மாதிரி அதிர்ந்தது. "உள்ள பஞ்சு வெச்சாத்தான் அண்ணே குரல் கெட்டியா வரும்" என்றார் நாதன். மறுநாள் நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவதற்குள் என் கல்யாண மெத்தையின் ஒரு பக்கம் பிரிந்து கிடந்தது. அம்மா வீட்டுச் சீர் அது. "பாதிதான் மே எடுத்தேன்" என்றார் என் வீட்டுக்காரர். அதன் பிறகு எங்கள் மெத்தையில் அவர் பக்கம் மேடு, என் பக்கம் பள்ளம். மீதி மெத்தை வாரம் தவறாமல் டான்ஸுக்குப் போய்வந்தது.

ஆம்ப்ளிஃபயர் ஆயிற்று. கிட்டார் அப்போதும் பேசவில்லை. கம்பிகளுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும், பிக்கப் என்பார்கள். உள்ளே காந்தத்தின் மேல் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றியிருப்பார்கள். அது அறுந்து போயிருந்தது. என் வீட்டுக்காரர் பழைய சாமான் சந்தையில் கம்பி வாங்கி வந்து சுற்ற உட்கார்ந்தார். பெரிய மோட்டாரைக் கழற்றிப் பழகிய கை. மூன்று தடவை சுற்றினார், மூன்று தடவையும் அறுந்தது. சாமானைச் சுவரில் விட்டெறிந்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

நான் அதைப் பொறுக்கி எடுத்தேன். தையல் மிஷினில் பாபினுக்கு நூல் சுற்றுகிற முள் இருக்கிறதல்லவா, அதில் அதை மாட்டினேன். சக்கரத்தை ஒரு கையால் மெதுவாகத் தள்ளி, மறு கையின் இரண்டு விரலில் கம்பியைப் பிடித்தேன். இழுத்தால் அறும், தளர்த்தினால் குலையும். நூறு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்து வைத்தேன். நாலு மத்தியானம், பிள்ளை தூங்கும் நேரத்தில் மட்டும். எண்பது கொட்டை ஆனதும், பூச்சரம் முடிக்கிற மாதிரி ஒரு முடிச்சுப் போட்டு நிறுத்தினேன். என் வீட்டுக்காரர் பார்த்தார், மீட்டர் வைத்துப் பார்த்தார். எடுத்துக் கிட்டாரில் மாட்டினார். சாயங்காலம் நாதன் வந்ததும் வாசலில் நின்று, "சுத்திட்டேன்பா" என்றார். நான் அடுப்படியில் இருந்தேன். என் காதில் நன்றாக விழுந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் அதை முதலில் வாசித்தார்கள். நாதன் தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டினார். பலகையில் அடுக்கியிருந்த பித்தளைத் தட்டுகள் அத்தனையும் கீழே வந்தன, தகரக்கூரை நடுங்கியது. நம்மூரில் தரை நடுங்கினால் ஒரே அர்த்தம்தான். பூமிக்கடியில் பாறை வெடித்துச் சரிகிற ஏர்பிளாஸ்ட். எங்கள் லைனில் இருந்த பெண்கள் எல்லோரும் போட்டது போட்டபடி ஷாப்டுப் பக்கம் ஓடினார்கள். ஒருத்தி கையில் கரண்டியோடு ஓடினாள். நாதன் கழுத்தில் கிட்டார் தொங்க, அறுந்த வயர் தெருவில் இழுபட, பின்னாலேயே ஓடினார். "நில்லுங்க, நில்லுங்க, கீழ ஒண்ணும் இல்ல, அது நான்தான்" என்று கத்தினார். புருஷனை ஏர்பிளாஸ்டில் பறிகொடுத்த ஒரு கிழவி திரும்பி வந்து அவர் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அவர் கன்னத்தைத் தடவவில்லை. "இன்னொண்ணு போடு ஆயா" என்றார்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். லைனில் எங்கே வாசிப்பதானாலும், முன்னால் வீடு வீடாகப் போவார். "அரை மணி நேரம் வாசிக்கப் போறோம். தட்டு ஆடினா பயந்துக்காதீங்க, நான்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் வயரைச் சொருகுவார். தமிழ் வீட்டில் தமிழ், தெலுங்கு வீட்டில் தெலுங்கு. இதற்காகவே பெண்களுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. எல்லா வீட்டிலும் அவருக்குக் காபி. அந்த நடுக்கம் முழுக்க என் விரலில் இருந்து போனது. எனக்கு யாரும் ஒரு வாய் தண்ணீர் தரவில்லை.

மேலே தட்டி வாசிக்கிற கம்பி பழசானால், புதுசுக்கு அப்போது எங்கே போவது? மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நாலு கம்பியையும் கழற்றி வந்து, சோடா உப்புப் போட்டு என் ரசச் சட்டியில் வேகவைப்பார். அழுக்கு கழன்று கம்பிக்கு மறுபடி உயிர் வரும். ஒரு நாள் கேட்டேன்.

"இவ்ளோ பாடுபடுறியே தம்பி, ஆடுறவன் ஒருத்தனாவது பேஸ் நல்லா இருந்துச்சுன்னு சொல்றானா?"

"பேஸ் கேக்கக்கூடாது அண்ணி. அது இருக்கிறப்போ யாருக்கும் தெரியாது. நின்னாத்தான் தெரியும்."

"அப்ப பொண்டாட்டின்னு சொல்லு."

அவர் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அந்தச் சட்டியில் வைத்த ரசத்தை அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

பங்காருபேட்டையில் ஒரு கல்யாணம். ஆம்ப்ளிஃபயர் பெட்டி ரயில் கதவுக்குள் நுழையவில்லை. என் வீட்டுக்காரர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ரயிலின் கடைசியில் இருக்கும் கார்டு வண்டியில் போனார். நான் இரண்டு பிள்ளைகளோடு நெரிசலில் நின்றுகொண்டு போனேன். வாசிப்பு முடிந்ததும், பெங்களூரில் இருந்து வந்த ஒரு பேண்டு மாஸ்டர் மேடைக்கே வந்துவிட்டார். "எந்தக் கம்பெனி பிக்கப் இது? இப்படி வயித்துல இறங்குற சத்தத்த நான் கேட்டதே இல்ல" என்றார். நாதன் என் வீட்டுக்காரர் தோளில் கை போட்டு, "கம்பெனியா? எங்க அண்ணன் கை" என்றார். கூட்டம் கை தட்டியது. நான் நாலடி தள்ளி, இடுப்பில் பிள்ளையோடு நின்றுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். அந்தப் பெரிய மனுஷன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கியதை நான் இன்னும் மறக்கவில்லை. குலுக்கியிருக்க வேண்டியது எந்தக் கை என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் இதே பேச்சு: எங்க அண்ணன் கை, எங்க அண்ணன் கை.

எட்டு வருஷம் கழித்து ஒரு நாள் காலை நாதன் கிட்டாரோடு வந்தார்.

"அண்ணி, பேஸ் செத்துப்போச்சு."

"அவரு ஷிப்டுல கீறாரு. சாயங்காலம் வா."

"அண்ணன் வேணாம். நீங்கதான் வேணும்."

"நான் இன்னா எலக்ட்ரீசியனா?"

அவர் தரையில் உட்கார்ந்து, திருகாணியைக் கழற்றி, பிக்கப்பை என் உள்ளங்கையில் வைத்தார். "முதல் வருஷமே தெறந்து பாத்துட்டேன் அண்ணி. பூ கட்டுற முடிச்சுப் போட்டு எந்த எலக்ட்ரீசியன் கம்பிய முடிப்பான்?"

"அப்ப பங்காருபேட்டையிலயே தெரியும்?"

"தெரியும்."

"தெரிஞ்சுகினுதான் அவரு தோள்ல கை போட்டியா?"

"அன்னிக்கு அண்ணன் மூஞ்சிய நீங்க பாத்தீங்களா அண்ணி? அத எப்படி உடைக்கிறது?"

"என் மூஞ்சியப் பாத்தியா நீ?"

அவர் கழற்றிய திருகாணிகளைத் தரையில் வரிசையாக வைத்தார். பிறகு தலையைத் தூக்கி, என்னை நேராகப் பார்த்து, "பாக்கல. தப்புதான் அண்ணி" என்றார்.

நான் மிஷினை இழுத்துப் போட்டேன். புளியங்கொட்டைகளை அவர் முன்னால் கொட்டி, நூறுக்கு ஒன்று எடுத்து வை என்றேன். ஆயிரம் பேரை ஆட வைத்த மனுஷன், இருநூறு தாண்டுவதற்குள் கணக்கை விட்டுவிட்டார். வாயைக் கவனித்தேன். ஒண்ணு ரெண்டு மூணு நாலு, ஒண்ணு ரெண்டு மூணு நாலு என்று போய்க்கொண்டிருந்தது. "எனக்கு நாலுக்கு மேல வராது அண்ணி" என்றார். கொட்டையைப் பிடுங்கிக்கொண்டு நானே எண்ணினேன். அன்றைக்கு இருவரும் சிரித்த சிரிப்பு எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. மூன்று நாள் வந்தார். மூன்றாம் நாள் கிட்டார் பேசியது.

போகும்போது வாசலில் நின்று, "சனிக்கிழமை கிளப்ல மைக்குல சொல்லிடுறேன். இது அண்ணி கைன்னு" என்றார். எட்டு வருஷமாக நான் காத்திருந்த பேச்சு. அப்போது என் வீட்டுக்காரருக்குச் சுரங்கத் தூசி நெஞ்சில் இறங்கியிருந்தது. பெட்டியைத் தூக்க முடியாது. பேண்டோடு சும்மா போய், பெட்டியின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவார். அந்த அண்ணன் கை என்ற ஒரு பேருக்காகத்தான் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்புவார். நான், "வேணாம், சொல்லாத" என்றேன்.

"நீங்க சொன்னா சரி அண்ணி" என்று உடனே போய்விட்டார். அவ்வளவு சீக்கிரமாகவா ஒத்துக்கொள்வது? இன்னொரு தடவை கேட்டிருக்கலாம் இல்லையா?

என் வீட்டுக்காரர் இறந்து வருஷம் திரும்பியது. இனி சொல்லலாமே என்று நினைத்தேன். விழாவுக்கு விழா, வெளுத்த புடவை கட்டிக்கொண்டு முன் வரிசையில் போய் உட்கார்ந்தேன். நாதன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார், வாசிப்பார், பெட்டியைக் கட்டிக்கொண்டு போவார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். நீங்கள் எல்லோரும் இந்தப் புத்தகத்தில் அவர் வாக்குத் தவறாதவர் என்று எழுதுவீர்கள். எழுதுங்கள். அந்த வாக்குதான் என் வாயை அடைத்தது. எனக்கும் வாய் இருந்தது, போய்க் கேட்கவில்லை. கேட்டு வாங்கினால் அதற்கு என்ன மதிப்பு?

அடக்கத்தன்று கிட்டாரை அவர் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். பேசியவர்களில் ஒருவர், "அந்தச் சத்தம் குப்புசாமி அண்ணன் கை" என்றார். எல்லோரும் தலையாட்டினீர்கள். இல்லை என்று சொல்ல ஒருவர்தான் இருந்தார், அவர் கண்ணை மூடிக் கிடந்தார். அதனால் நானே எழுதுகிறேன். இரண்டு தடவையும் அதைச் சுற்றியது நான். என் வீட்டுக்காரருக்கு இதில் வருத்தம் இருந்தால், மேலே போனதும் நானே பேசிக்கொள்கிறேன்.

நாதனுக்கு அழ நிறையப் பேர் இருந்தீர்கள். அவர் மனைவி, பிள்ளைகள், அவரோடு வாசித்தவர்கள். என்னைவிட உரக்க அழுதீர்கள், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் வாசிப்பை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், சிரிப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். தரையில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து, தப்புதான் என்று அவர் சொன்னது மட்டும் எனக்கு. என் அப்பனும் புருஷனும் பெற்ற பிள்ளைகளும் எனக்குச் சொல்லாத வார்த்தை அது. அதில் யாருக்கும் பங்கு தர மாட்டேன்.