விளக்கு எரிந்தது, சைக்கிள் இல்லை

மார்த்தாள் எனக்குத் தங்கை முறை. அவள் அப்பா செல்வநாதனும் என் அப்பாவும் அண்ணன் தம்பி பிள்ளைகள். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த அவள் புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, அந்தக் கான்ட்ராக்ட்காரரே சுரங்க வாசலில் இருக்கிற சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவளுக்குக் கொடுத்தார். உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அங்கே போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

தகரக் கொட்டகை நீளமாக ஓடும். முன்னால் மோட்டார் சைக்கிள்கள். சைக்கிள்காரர்களுக்குப் பின்வரிசை. நாற்காலியில் உட்கார்ந்தால் பின்வரிசை கண்ணுக்குத் தெரியாது. அதனால் எழுந்து எழுந்து ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். மார்த்தாளுக்கு இரண்டு முட்டியும் வீங்கிக் கிடக்கும். வீட்டுக்கு வந்தால் காலை நீட்டிப்போட்டு எண்ணெய் தடவிக்கொண்டே தூங்கிவிடுவாள். சோறு ஆறிப்போய்க் கிடக்கும்.

போன வருஷம் மழைநாளில் ஒரு சைக்கிள் காணாமல் போனது. சூப்பர்வைசர் சக்கரபாணி கெட்டவர் இல்லை. ஆனாலும் சொல்லிவிட்டார்.

"இன்னொரு வண்டி போச்சின்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுக்கா. வேற ஆளப் போட்ருவாங்க."

அன்று முதல் அவள் நடை இரண்டு மடங்கானது. இதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அவளுடைய அக்காள் மகன் ஆனந்த்ராஜ் வந்தான். பாலிடெக்னிக் படித்துவிட்டு, பக்கத்து ஊரான வடக்குத்தில் மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். பழைய சாமான்களை வைத்தே ஒன்றைச் செய்தான். சைக்கிள் நிறுத்துகிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு காந்தம். வண்டியை நிறுத்தியதும் அதை முன்சக்கரத்துக்கு மேலே இருக்கிற இரும்பில் ஒட்டவைக்க வேண்டும். எதிரே குறுக்கே ஓடுகிற இரும்புக் கம்பியில் பென்சில் துண்டு மாதிரி ஒன்று இருக்கும், அது காந்தத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பார்க்கிற வரைக்கும் மார்த்தாளின் தலைக்கு மேல், சுவரில், அந்த இடத்துக்கான சின்ன விளக்கு எரியும்.

"இனிமே நீ நடக்க வேணாம் சின்னம்மா. லைட்டப் பாத்துகினு உக்காந்திரு."

"அணைஞ்சா?"

"கத்தும். வண்டிக்காரன் வந்து எடுத்திருந்தா இந்த சுச்ச அமுக்கு, வாய மூடிக்கும்."

"சொன்னா மூடுதா? அப்ப ஒங்கம்மாவுக்கு இது தேவல."

சுவிட்சு சுவரில் உயரத்தில் இருந்தது. அமுக்க எழுந்துதான் ஆக வேண்டும். ஆனாலும் கொட்டகையைச் சுற்றுவதற்கு அது எவ்வளவோ மேல். சில மாதம் மார்த்தாள் உட்கார்ந்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் பகலில் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான். போகப்போக அது கத்துவதுகூடக் குறைந்தது. ஷிப்ட் முடிந்து சங்கு ஊதின பிறகும் விளக்குகள் வரிசையாக எரியும்.

"பாவம், எல்லாம் ஓவர்டைம் பாக்குறானுவ. வூட்டுக்குப் போவாம ஒழைச்சிகினு கெடக்குறானுவ" என்பாள். ஞாயிறு பூசையில் அவர்களுக்காகவும் வேண்டிக்கொண்டாள்.

அப்புறம் ஒரு நாள், முதல் ஷிப்ட் விட்டதும் கான்ட்ராக்ட் ஆள் மணிமாறன் வந்து நின்றான். அவன் ஓட்டிக்கொண்டிருந்தது அவன் மகள் தமிழ்நிலாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள். அவள் படிப்பை முடித்ததும் அப்பனுக்கு வந்தது.

"அக்கா, என் வண்டி எங்க?"

"லைட்டு எரியிதே. நல்லாப் பாரு."

"லைட்டு எரியிது, வண்டி இல்லியே."

மார்த்தாள் எழுந்து போனாள். இடம் காலி. காந்தம் மட்டும் கம்பியில் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து இடத்தைப் பார்த்தாள். அங்கேயும் அப்படியே. அதற்கடுத்ததிலும் வண்டி இல்லை, காந்தம் இருந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

சக்கரபாணி வந்தார். ஆனந்த்ராஜும் கடையைச் சாத்திவிட்டு ஓடிவந்தான்.

"வண்டிய எடுக்கும்போது காந்தத்தக் கழட்டிக் கம்பியில வச்சது யாரு?" என்றார் சக்கரபாணி.

பன்னீர்செல்வம் தலையைச் சொறிந்தான். அவனும் கான்ட்ராக்டில் இருக்கிறவன்தான்.

"நான்தான் மொதல்ல வச்சேன். சங்கு ஊதுனா எல்லாரும் ஒண்ணா வறோம். ஒவ்வொரு வண்டிக்கும் அக்கா எந்திரிச்சி எந்திரிச்சி அமுக்குது. முட்டியப் புடிச்சிகினு எந்திரிக்கும்போது பாக்கவே முடியலீங்க. காந்தத்த அங்க வச்சிட்டா அது கத்தாது. அக்கா பாட்டுக்கு உக்காந்திருக்கும்."

"நானும் அப்பிடித்தான் செஞ்சேன்" என்றான் இன்னொருவன். இப்படியே பாதி ஷிப்ட் சொன்னது. மணிமாறனும் கீழே பார்த்துக்கொண்டு, "நானுந்தான்" என்றான்.

எவனோ ஒருத்தன் இதை நின்று பார்த்திருக்கிறான். அவனும் காந்தத்தைக் கம்பியில் வைத்துவிட்டு வண்டியை ஓட்டிப் போய்விட்டான். இன்றுவரை ஆள் அகப்படவில்லை.

"அவனவன் மனசுல எரக்கம் பொங்கி வழிஞ்சி, கடசியில வண்டி போச்சி" என்றார் சக்கரபாணி. "நான் மேல என்னான்னு சொல்றது?"

"எங்க மேல தப்புன்னு சொல்லுங்க. அக்காவ வேலய உட்டு எடுக்காதீங்க" என்றான் மணிமாறன். வண்டியைத் தொலைத்தவனே கேட்டதால் சக்கரபாணி மேலே போய்ப் பேசிவிட்டு வந்தார். அவளை எடுக்கவில்லை. ஆனால் மிஷினை மட்டும் நம்பக்கூடாது, பழையபடி சுற்றிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். காந்தத்தை இனிமேல் கம்பியில் ஒட்டவைக்க முடியாதபடி சங்கிலி போட்டுக் கட்டிவைக்கிறேன் என்றான் ஆனந்த்ராஜ்.

"அப்ப லைட்டையும் பாக்கணும், சுச்சும் அமுக்கணும், சுத்தியும் வரணும்" என்றாள் மார்த்தாள். "நான் எப்படா உக்காருறது?"

அவன் சங்கிலிக்கு அளவெடுக்கக் குனிந்தான்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்கு வந்த வழியில் அவளைப் பார்க்கப் போனேன். நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு அவள் நின்றாள். ஷிப்ட் விட்டு எல்லோரும் போயாயிற்று. விளக்கெல்லாம் அணைந்து, ஒன்று மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பேச்சை நிறுத்தி அதையே பார்த்தாள்.

"செத்த இரு, வந்துர்றேன்."

கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பின்வரிசைக்குப் போனாள். திரும்பி வர வெகுநேரமானது. வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"வண்டி இருக்குதா?" என்று கேட்டேன்.

"இருக்குது. மணிமாறன் வண்டி, பழசு ஒண்ணு புடிச்சிருக்கான்." முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "நெஜமாவே ஓவர்டைம்தான்."