சுகமாம், பிரசவமாம்

காலரக்காவுக்கு அன்றைக்கும் முதல் நாள்தான்.

நாற்பது நாள் எதைப் பற்றியும் புலம்பாமல் இருக்க வேண்டும். அதுதான் பயிற்சி. கைபேசியில் அதற்கென்று பெண்களின் குழு ஒன்று உண்டு. வாயிலிருந்து ஒரு புலம்பல் வந்துவிட்டால், ‘மறுபடியும் முதல் நாள்’ என்று குழுவில் தானே எழுதிப் போட்டுவிட்டு ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். யார் யாரோ இருபது நாளையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். காலரக்கா சேர்ந்து மாதங்கள் ஆகியும் இரண்டாம் நாள் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

அவளாகச் சேரவும் இல்லை. “உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். மனுஷன்னா தன்னைக் கொஞ்சம் மாத்திக்கணும்” என்று சேர்த்துவிட்டவர் கணவர். லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எந்தக் கட்டடத்தில் எந்தப் பெட்டி எந்த மாடியில் சிக்கிக்கொண்டாலும் போய் எடுத்துவிடுவார். வீட்டில் குளிர்பெட்டியைத் திறந்தால் மட்டும் பால் கண்ணுக்குத் தெரியாது.

அன்று காலையும் அதுதான் நடந்தது. “பால் எங்கே?” என்றார். “உங்க மூக்குக்கு முன்னாடி” என்றாள். இது புலம்பலா, தகவலா என்று அவளுக்கே சந்தேகம் வந்து குழுவில் கேட்டாள். பயிற்சி நடத்தும் அம்மாள், கும்பிடு போடும் கைகளின் படத்தோடு பதில் அனுப்பினாள்: ‘தகவல் சொல்லும்போது குரல் உயர்ந்தால் அதுவும் புலம்பல்தான் தோழி.’

கிழிஞ்சது போ என்று நினைத்துக்கொண்டாள். அதை எழுதவில்லை. ‘மறுபடியும் முதல் நாள்’ என்று எழுதிவிட்டு வேலைக்கு ஓடினாள்.

அவள் வேலை பார்ப்பது பள்ளிச் சீருடைகள் தைக்கும் கூடத்தில். ஒருத்தி கை தைப்பாள், ஒருத்தி பை தைப்பாள், ஒருத்தி பொத்தான் வைப்பாள். இவளுக்குக் காலர். அதனால்தான் அந்தப் பெயர். சட்டையில் ஆளைக் காட்டிக்கொடுப்பது காலர்தான். இரண்டு முனையும் ஒரே அளவாகக் கூராக நிற்க வேண்டும். ஒன்று இம்மி சாய்ந்தாலும் போட்டிருப்பவன் கழுத்தே கோணலாகத் தெரியும். அந்த வேலை பார்த்துப் பார்த்து, கோணலாக எதைக் கண்டாலும் பிரித்துத் தைக்கச் சொல்லி அவள் கை பரபரக்கும். துண்டு கோணலாகத் தொங்கினால் ஆகாது. பேச்சு கோணலாக வந்தாலும் ஆகாது.

மூன்று வருஷமாக அவளால் பிரிக்க முடியாத கோணல் ஒன்று இருந்தது. ‘சுகப்பிரசவம்’ என்ற வார்த்தை.

மகன் பிறந்தபோது ஒரு பகல், ஓர் இரவு, மறுபடி ஒரு பகல் வலித்தது. வாலு என்று இப்போது எல்லோரும் கூப்பிடும் அந்தப் பிள்ளை, அப்போதே வால்தனத்தைக் காட்டி, வருகிறேன் வருகிறேன் என்று வராமல் இருந்து, கடைசியில் கிழித்துக்கொண்டுதான் வந்தான். கிழிந்த இடத்தைத் தைக்க மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். ஆனால் அந்த இடம் மரப்பதற்குள் தையலை ஆரம்பித்துவிட்டார்கள். “வலிக்குது” என்றாள். “குழந்தையே பொறந்தாச்சு. இதுக்கா இந்தக் கத்து?” என்றாள் நர்ஸ். அதற்குமேல் அவள் வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். வேறொருத்தியாக இருந்தால் வலி என்று மட்டும் தெரிந்திருக்கும். இவள் தையல்காரி. ஊசி எங்கே இறங்குகிறது, நூல் எங்கே இழுபடுகிறது, முடிச்சு எங்கே விழுகிறது என்று ஒவ்வொன்றும் தெரிந்தது.

வெளியே போய் டாக்டர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். சுகப்பிரசவம். அதோடு கதை முடிந்தது. யாருக்குச் சுகம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கு வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். அவள் தண்ணீர்ச் செம்பைத் தொட்டால்கூட நாலு பேர் பதறி ஓடினார்கள். நியாயம்தான், அவள் பட்டது பெரிய பாடு. ஆனால் வீட்டுக்கு வந்த மறுநாளே காலரக்காவின் கையில் கரண்டியைக் கொடுத்த மாமியார், “உனக்குச் சுகப்பிரசவம்தானேம்மா” என்றார். உட்கார முடியாமல் நின்றுகொண்டே சாப்பிட்டவளைப் பார்த்து, “சுறுசுறுப்பு” என்று உறவுக்காரர்கள் மெச்சினார்கள்.

கணவர் அதை ஒரு நகைச்சுவையாகவே ஆக்கிவிட்டார். யார் குழந்தையைப் பார்க்க வந்தாலும், “தையலுக்கே தையல் போட்டாச்சு!” என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். அந்தப் பகலிலும் இரவிலும் அவர் எங்கே இருந்தார் என்றால், எட்டாவது மாடியில் சிக்கிய பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் கணவரின் தங்கை, வீட்டுக்குச் சின்னவள், நிறைமாதமாக வந்து இறங்கினாள். அவள் புருஷனுக்குக் கப்பலில் வேலை. திரும்பி வர நாளாகும். எனவே பிரசவம் அம்மா வீட்டில். அதே ஆஸ்பத்திரி.

சின்னவள் நாள் முழுக்கக் கட்டிலில் சாய்ந்து பிரசவக் காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவற்றில் புல்லாங்குழல் வாசித்தது. பெண்கள் கண்ணை மூடிப் புன்னகைத்தார்கள். அடுத்த காட்சியில் துடைத்துவைத்த மாதிரி ஒரு குழந்தை. வீட்டிலும் அதே பாட்டுத்தான். “பயப்படாதேடி. உங்க அண்ணியைப் பாரு, சுகப்பிரசவம். உனக்கும் அப்படியே ஆகும்” என்று மாமியார் வேளைக்கொரு தடவை சொன்னார். காலரக்காவுக்கு ஒவ்வொரு தடவையும் எரிந்தது.

சமையலறையில் தனியாகக் கிடைத்தபோது மாமியார் குரலைத் தாழ்த்தினார்.

“ஏம்மா, அவ உன்கிட்ட ஏதாவது கேட்டா, எதையாவது சொல்லிப் பயமுறுத்தி வச்சிடாதே. நல்ல வார்த்தையா நாலு சொல்லு.”

“நான் என்ன அத்தை சொல்லப்போறேன்?”

“உன் வாய் எனக்குத் தெரியாதா?”

கணவரும் அதையே சொன்னார். போதாக்குறைக்குக் குழுவில் அது ‘நற்சொல் வாரம்’. ஊரே சேர்ந்து அவள் வாயில் துணியை அடைத்தது போல இருந்தது.

அவளுக்கு உள்ளே நிஜமாகவே பயம். பேசாமல் இருந்தால், இந்தப் பெண் புல்லாங்குழலை நம்பிக்கொண்டு அதே அறைக்குள் போய், அதே மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். பேசினாலோ, பயத்தில் சின்னவளுக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால், அந்தப் பழி காலரக்காவின் தலையில் ஆயுசுக்கும் விழும். அண்ணி வாயை வைத்தாள், ஆகிப்போச்சு என்பார்கள். இரண்டு பக்கமும் இடி.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம். பழைய பருத்திச் சேலையைக் கிழித்துக் குழந்தைத் துணிகளாக மிஷினில் ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள் காலரக்கா. சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெள்ள வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அண்ணி, நிஜமாச் சொல்லுங்க. ரொம்ப வலிக்குமா?”

“அதெல்லாம் ஒண்ணும்...” என்று ஆரம்பித்தாள் காலரக்கா. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் பொய்யை முழுசாகச் சொல்ல முடியவில்லை. மிஷினை நிறுத்தினாள்.

“வலிக்கும்” என்றாள். “நிறைய வலிக்கும். ஆனா விட்டு விட்டு வரும். நடுவுல விடுற நேரம் உன்னோடது, அப்போ மூச்சு வாங்கிக்கோ. கத்தணும்னா கத்து. அங்கே யாரும் உனக்கு மார்க் போடப்போறதில்லை. நான் நல்ல பேர் வாங்கணும்னு கத்தாம இருந்தேன். யாரும் கொடுக்கல.”

“சுகப்பிரசவம்னு சொன்னாங்களே அண்ணி?”

“சுகமாம், பிரசவமாம்! பேர் வச்சவன் பெத்திருக்க மாட்டான். இதைக் கேளு, இதுதான் முக்கியம். தையல் போட வேண்டி வந்தா, முதல்ல ஊசி போடுவாங்க. அந்த இடம் மரத்துப்போச்சான்னு நீதான் சொல்லணும். மரக்கலைன்னா நிறுத்தச் சொல்லு. அவசரப்படுத்துவாங்க, திட்டுவாங்க. விடாதே. நான் விட்டுட்டேன்.”

பிறகு தன் கதையை ஆரம்பம் முதல் முடிவு வரை சொன்னாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒரு ஆள் குறுக்கே பேசாமல் கேட்டது. சொல்லி முடித்தபோது சின்னவள் அழுதுகொண்டிருந்தாள். காலரக்காவும்தான்.

அழுகைச் சத்தம் கேட்டு மாமியார் வந்தார். பிறகென்ன, வீடு இரண்டுபட்டது.

“படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! பிள்ளையைப் பேயறைஞ்ச மாதிரி ஆக்கிட்டியே!” மாமியார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கணவர் வந்து, “உன்னை மாத்திக்கத்தானே அந்தக் குழுவில சேர்த்துவிட்டேன்?” என்றார்.

“பாலைக் கண்டுபிடிக்கிற குழு ஏதாவது இருந்தா நீங்க முதல்ல சேருங்க!”

அத்தனை நாள் சேர்த்துவைத்ததெல்லாம் அன்றைக்குக் கொட்டியதில், குழுவில் எழுத மறந்தே போனாள்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சில்லை. மாமியார் பாத்திரங்கள் மூலமாகப் பேசினார். சின்னவள் அறையைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள். சாப்பாட்டுத் தட்டு பாதியோடு திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவையும் காலரக்கா அதை எடுத்து மூடி வைத்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் இன்னொருத்தியைக் கெடுத்துவிட்டேனா? தையல் கூடத்தில் ஒரு காலரை உள்பக்கம் வெளியே வைத்துத் தைத்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் செய்ததே இல்லை. “காலரக்காவுக்கே காலர் திரும்பிடுச்சு!” என்று பொத்தான்காரி சிரித்தாள். இவள் அதைப் பிரித்தாள்.

ஒரு காலையில் சின்னவளுக்கு வலி எடுத்தது.

ஆஸ்பத்திரியில் ஒருவருக்குத்தான் உள்ளே இடம். மாமியார் போனார். வெளியே நடையில் பெஞ்சில் கணவரும் காலரக்காவும், மடியில் வாலுவும். கதவுக்குப் பின்னால் சின்னவள் கத்தினாள். நன்றாகவே கத்தினாள்.

“அத்தை ஏன் கத்துது?” என்று கேட்டான் வாலு.

“பாப்பாவைக் கூப்பிடுறாங்கடா.”

கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. எட்டாவது மாடியில் இதெல்லாம் கேட்டிருக்காது. “இப்படியா இருக்கும்?” என்றார். காலரக்கா வாலுவின் சட்டைக் காலரை நிமிர்த்திவிட்டாள். பதில் சொல்லியிருந்தால் அது புலம்பலாகியிருக்கும், அதுவும் பெரிய புலம்பல்.

மத்தியானம் தாண்டிக் குழந்தை அழும் சத்தம் கேட்டது. கணவர் எழுந்து நின்றார். காலரக்கா எழவில்லை. அவளைப் பொறுத்தவரை இன்னும் முடியவில்லை, தையல் பாக்கி இருந்தது. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் சின்னவளின் குரல், கத்திக் கத்திக் கரகரத்துப்போன குரல், வெளிவரை கேட்டது.

“நிறுத்துங்க! இன்னும் மரத்துப்போகல. மரத்தப்புறம் தைங்க. எங்க அண்ணி சொல்லியிருக்காங்க!”

உள்ளே ஊசித் தட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு நர்ஸின் குரல்: “யாரும்மா அந்த அண்ணி?”

காலரக்கா வாலுவின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று பையனுக்குத் தெரியவில்லை. “ம்மா, முடி நனையுது” என்றான்.

டாக்டர் வந்தார். “பெண் குழந்தை. சுகப்பிரசவம்” என்றார். கணவர் வழக்கம்போல ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மனைவியைப் பார்த்தார். மூடிக்கொண்டு, வாலுவைத் தூக்கிக்கொண்டு பால் வாங்கப் போனார்.

மாமியார் வெளியே வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அவர் திட்டப்போகிறார் என்று காலரக்கா தன்னைத் தயார்ப்படுத்திக்கொண்டாள்.

“தூங்குறா” என்றார் மாமியார். “இன்னொரு ஊசி போட்டுக் காத்திருந்துதான் தைச்சாங்க. முகத்தைக்கூடச் சுளிக்கல. குழந்தையைப் பார்த்துக்கிட்டே இருந்தா.”

“நல்லது அத்தை.”

மாமியார் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“ஏம்மா, அந்த மரத்துப்போற ஊசி... அது எல்லாருக்கும் போடுறதா?”

“ஆமா அத்தை. போடணும்.”

“எனக்கு ரெண்டு பிரசவத்துக்கும் போடலையே. நானும் கேக்கல. அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது.” அவர் கதவைப் பார்த்துக்கொண்டே பேசினார். “யார்கிட்டயும் சொன்னதில்ல. அது அப்படித்தான்னு நினைச்சுட்டேன். உனக்கும் அப்படித்தான்னு...”

காலரக்காவின் கைபேசி மினுங்கியது. குழுவில் அந்த அம்மாள்: ‘தோழி, சில நாள்களாகக் காணோமே. இன்று எத்தனையாவது நாள்?’ அவள் அதை அணைத்துப் பைக்குள் போட்டாள். பெஞ்சில் நகர்ந்து மாமியாருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“சொல்லுங்க அத்தை.”

“என்னத்தைச் சொல்ல? இத்தனை வருஷம் கழிச்சு வெறும் புலம்பல்தான்.”

“புலம்புங்க” என்றாள் காலரக்கா. “உங்களுக்கு இன்னிக்குத்தானே முதல் நாள்.”