கேட்டதை அப்படியே கொடுத்துவிடும் ஊரில்

சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு எங்களை அழைத்திருந்த பக்கத்து வீட்டு அம்மா, வியாழக்கிழமையே கைபேசியில் ஒரு செய்தி அனுப்பினார்: "நீங்கள் ஆளுக்கு எத்தனை உருளைக்கிழங்கு சாப்பிடுவீர்கள்?" ராட்டர்டாமுக்கு வந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு எண்ணிக்கை கேட்கிற மனிதர்களை நான் அதுவரை கண்டதில்லை. எங்கள் தூத்துக்குடி மில்லர்புரத்தில் ஒருத்தி இப்படிக் கேட்டிருந்தால் அடுத்த கோயில் திருவிழா வரைக்கும் தெரு அவளைப் பற்றித்தான் பேசியிருக்கும். என் கணவர் சேவியர் பெரியதாழைக்காரர், சோற்றுச் சட்டியின் அடி தெரிந்தால்தான் எழுந்திருப்பார். அவரிடம் யோசனை கேட்டேன். "ரெண்டுன்னு போடுளா. கூட வேணும்னா அவியளே வைப்பாவ" என்றார். மரியாதைக்கு இரண்டு என்று எழுதினேன். சனிக்கிழமை தட்டில் இரண்டு இருந்தது. இன்னொன்று வைக்கவா என்று யாரும் கேட்கவில்லை. "போதும், போதும்" என்று தடுப்பதற்காகத் தயாராக வைத்திருந்த என் கை மடியிலேயே கிடந்தது. வீட்டுக்கு வந்து, மிச்சம் இருந்த சோற்றில் தயிரை ஊற்றி, இரண்டு பேரும் அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டோம்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். என்னைப் போல வந்து மாட்டிக்கொண்டவர்களுக்கு இது தெரிந்த கதைதான். ஆனால் அந்த உருளைக்கிழங்கில் இருந்த பாடத்தை நான் அன்றைக்கே படித்திருக்க வேண்டும். படிக்காததால் கிட்டத்தட்ட ஒரு வேலையைத் தொலைக்கப் பார்த்தேன்.

தூத்துக்குடித் துறைமுகத்தை நம்பி நடக்கும் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள் நான். கணவருக்கு இங்கே கிரேன் பராமரிப்பில் வேலை கிடைத்து வந்த பிறகு, அந்த ஒன்பது வருடத்தையும் யாரும் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. "அனுபவம் அங்கே உள்ளது, சான்றிதழ் இங்கே இல்லை" என்று சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான்கு வருடம் ஒரு ஹோட்டலில் படுக்கை விரித்தேன். யாரோ புரண்டு எழுந்த விரிப்பை உருவும்போதெல்லாம் எனக்கு ஒரு மேசை, ஒரு தொலைபேசி, திட்டுவதற்கு ஒரு லாரிக்காரர் வேண்டும் என்று ஏக்கமாக இருக்கும். கடைசியில் நகராட்சி தன் செலவில் ஒரு படிப்பில் சேர்த்துவிட்டது. ஒரு முறைதான் கட்டுவார்கள், தோற்றால் திரும்பவும் விரிப்புதான். படிப்பின் பெயர் சப்ளை செயின் மேனேஜ்மென்ட். தமிழில் விநியோகச் சங்கிலி மேலாண்மை என்கிறார்கள். சரக்கு எங்கே நிற்கிறது என்று தெரியாமல் ஆளாளுக்குத் தவிப்பதற்குப் படித்தவர்கள் வைத்திருக்கும் பெயர் அது.

படிப்பின் முடிவில் பரீட்சை கிடையாது, கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு. நான்கு பேர் ஒரு அணி. ஒருவர் சைக்கிள் கடை, ஒருவர் மொத்த வியாபாரி, ஒருவர் கிடங்கு, ஒருவர் தொழிற்சாலை. கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் சைக்கிள் கேட்க வேண்டும், அவர் கிடங்கிடம், கிடங்கு தொழிற்சாலையிடம். ஒவ்வொரு சுற்றும் ஒரு வாரம் என்று கணக்கு. முடிவில் அணி லாபத்தில் நின்றால் சான்றிதழ். லாபத்தில் நிற்கிறவர்களை மட்டும் ஒரு கன்டெய்னர் கம்பெனி நேர்காணலுக்கு அழைக்கும். நான்தான் கடை. மொத்த வியாபாரி மரைக்கே என்ற டச்சுப் பெண், கோடு போட்டுத் தலை வாரியிருப்பாள், மனசும் அப்படித்தான். எங்களுக்கு நடுவே தட்டிகள் வைத்திருந்தார்கள். பயிற்சியாளர் யோஸ்ட் விதியைச் சொன்னார்: பேசக்கூடாது, திரையில் எண்ணை மட்டும்தான் போட வேண்டும். தூத்துக்குடிக்காரியை வாயை மூடிக்கொண்டு வியாபாரம் செய்யச் சொன்னால் அது எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியவில்லை.

முதலில் வாரத்துக்குப் பத்து சைக்கிள் விற்றது. பத்து கேட்டேன், பத்து வந்தது. மூன்றாவது வாரம் பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். எனக்குப் பதினைந்து வேண்டும், ஆகவே முப்பது கேட்டேன். இதில் உங்களுக்கு ஏதாவது விசித்திரமாகப் படுகிறதா? எனக்கும் படவில்லை.

ஏஜென்சியில் என் வேலையில் பாதி இதுதான். உப்பு ஏற்ற ஐந்து லாரி தேவைப்பட்டால் லாரிகள் வைத்திருக்கும் தங்கராசு அண்ணாச்சிக்குப் போன் போட்டுப் பத்து கேட்பேன். "ஏளா ரெஜினா, கூறோடதான் பேசுதியா? பத்து வண்டிக்கு நான் எங்கன போவேன்? அஞ்சு அனுப்புதேன், போ" என்பார். "அஞ்ச வச்சு நான் என்ன செய்ய அண்ணாச்சி?" என்று நான் அலுத்துக்கொள்வேன். ஐந்து வரும். அவருக்கு என்னைக் குறைத்த திருப்தி, எனக்கு வேலை முடிந்த திருப்தி. ஒரே ஒரு தடவைதான் கெட்டுப்போனது. அண்ணாச்சி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். சென்னையில் இருந்து வந்திருந்த அவருடைய மச்சினர் போனை எடுத்தார், "சரி மேடம்" என்றார், பத்து லாரியையும் அனுப்பிவிட்டார். எங்கள் அலுவலகத்துச் சந்தில் லாரிகள் முன்னும் போக முடியாமல் பின்னும் போக முடியாமல் நின்றன. மாப்பிள்ளையூரணிக்குப் போகிற பஸ்ஸை வேறு வழியாகச் சுற்றி விட்டார்கள். என் முதலாளி வெளியே வந்து பார்த்துவிட்டு, "ஏளா, கேட்டா குடுத்துருவானா? வெவரங்கெட்ட பய" என்று மச்சினரைத்தான் திட்டினார். என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விளையாட்டில் மரைக்கேயிடம் அந்த வாரம் கையிருப்பு பன்னிரண்டுதான் இருந்தது. பன்னிரண்டை அனுப்பி, மீதி வரும் என்று திரையில் காட்டினாள். எனக்கு ஒரே சந்தோஷம். பார்த்தாயா, குறைக்கிறாள், நம்ம ஆள்தான் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அறுபது கேட்டேன். அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, ஊருக்கே சைக்கிள் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று கிடங்கிடம் இன்னும் கூட்டிக் கேட்டாள். கிடங்கில் இருந்த எம்ரே துருக்கிக்காரர், அவரும் கொஞ்சம் கூட்டினார். தொழிற்சாலை இரவும் பகலும் ஓடியது. சில வாரம் கழித்து நான் கேட்டது அத்தனையும் ஒரு சைக்கிள் குறையாமல் வந்து இறங்கியது. விற்காத ஒவ்வொரு சைக்கிளுக்கும் வாடகை. திரையில் என் கடை சிவப்பானது, பிறகு எல்லாருமே சிவப்பானோம். சிவப்பைப் பார்த்தபோது என் கண்ணுக்கு ஹோட்டலின் அழுக்கு விரிப்புக் கூடைதான் தெரிந்தது.

இடைவேளையில் மரைக்கே நேராக என்னிடம் வந்தாள். "உனக்குத் தேவை பதினைந்து. நீ கேட்டது அறுபது. ஏன் பொய் சொன்னாய்?"

"பொய்யா? நான் கேட்டேன், அவ்வளவுதான். நீ குறைப்பாய் என்று நினைத்தேன்."

"நான் ஏன் குறைக்க வேண்டும்? நீ கேட்டாயே!"

"கேட்டால் கொடுத்துவிடுவாயா?"

"பிறகு எதற்குக் கேட்டாய்?"

இதற்கு மேல் அந்தப் பேச்சு நகரவில்லை. பொய் என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் பொய்யர்கள் என்றால் இவள் என்ன அரிச்சந்திரன் பேத்தியா என்று வாய் வரை வந்ததை விழுங்கினேன். யோஸ்ட் ரொட்டியைக் கடித்துக்கொண்டே பலகையில் ஒரு சாட்டையை வரைந்து, கீழே 'சாட்டை விளைவு' என்று எழுதினார். கைப்பிடியை லேசாக அசைத்தால் போதும், நுனி எங்கேயோ போய் விளாசும். கடையில் ஐந்து சைக்கிள் கூடினால் தொழிற்சாலையில் நூறாகிவிடுவதற்கு இதுதான் காரணம், உலகம் முழுக்க நடப்பதுதான் என்றார். நானும் தங்கராசு அண்ணாச்சியும் தினமும் செய்துகொண்டிருந்ததற்குப் பாடப் புத்தகத்தில் ஒரு பெயரும் ஒரு படமும் இருப்பது தெரிந்ததும், அந்த நிலைமையிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மதியம் தொடர்ந்தோம். தேங்கிய சைக்கிள்களைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டு, இனி யோக்கியமாக இருப்பது என்று முடிவு செய்து, பதினைந்து தேவைப்பட்டபோது பதினைந்தே கேட்டேன். ஏழு வந்தது. கணக்கில் ஏதோ கோளாறு என்று மறுபடியும் பதினைந்து கேட்டேன். எட்டு வந்தது. வாடிக்கையாளர்கள் வெறுங்கையோடு வேறு கடைக்குப் போகிறார்கள் என்று திரை சொன்னது. தட்டிக்கு மேலே எட்டிப் பார்த்தேன். மரைக்கே ஒரு அலட்டலும் இல்லாமல் என் எண்ணைப் பாதியாக்கிக்கொண்டிருந்தாள். ஒரே காலையில் ஒரு டச்சுக்காரியை அண்ணாச்சியாக மாற்றிவிட்டேன்!

எனக்கு விதியெல்லாம் மறந்துவிட்டது. எழுந்து போய் அவள் தலையில் கையை வைத்து, "மரைக்கே, பதினைந்து. சத்தியமாகப் பதினைந்து" என்றேன். எங்கள் பக்கம் தலையில் கை வைத்துச் சொன்னால் அதற்கு மேல் விசாரணை கிடையாது. அவளோ முடியில் ஏதோ பூச்சி ஏறிவிட்டது என்று அலறி எழுந்து தலையை உதறினாள். வகுப்பு சிரித்தது. பேசியதற்காக யோஸ்ட் அணிக்கு அபராதம் போட்டார், தொட்டதற்கு என்ன போடுவது என்று விதியில் இல்லையாம். ஆனால் அதற்குப் பிறகு நான் பதினைந்து கேட்டால் பதினைந்து வந்தது. கடைசி வாரத்தில் எங்கள் கோடு பூஜ்யத்துக்கு மேலே மூக்கை மட்டும் நீட்டியது. அது போதும். மரைக்கே என்னைக் கட்டிப் பிடித்தாள், தலையை மட்டும் பத்திரமாகத் தள்ளி வைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது சேவியர் கேட்டது ஒன்றுதான்: "ஏளா, ஒனக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாதே?"

நேர்காணலுக்குக் கன்டெய்னர் கம்பெனியில் இருந்து வந்தவர் பெர்ட். ஊர் பெயரைக் கேட்டதும், "ஆ, முத்துகள்!" என்று கண்ணை விரித்தார். நான் முத்தைப் பார்த்ததே நகைக்கடையில்தான். அவருடைய டச்சு முன்னோர்கள் எங்கள் கரைக்கு முத்தெடுக்க வந்து, இப்படித்தான் நேருக்கு நேராக எத்தனை என்று கேட்டிருப்பார்கள். எங்கள் ஆட்களும் சரியான எண்ணிக்கையைச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். பெர்ட் அதிகம் கேட்கவில்லை. ஏற்றுமதிக்காரர்கள் சரக்கு நிரப்பக் காலிக் கன்டெய்னர் பெட்டிகள் வேண்டும், எந்தத் துறைமுகத்திலும் அவற்றுக்குப் பற்றாக்குறை, யாருக்கு எத்தனை என்று பிரித்துக் கொடுக்கிற மேசைக்குத்தான் அவர் ஆள் தேடினார். "உங்கள் ஊர்ப் பக்கத்து ஏஜென்ட் ஒருவர் முப்பது பெட்டி கேட்டால் உண்மையில் எத்தனை தேவை?" என்றார். "பதினைந்து" என்றேன், மூச்சு விடுகிற நேரத்தில். சிரித்துக்கொண்டே கை கொடுத்தார். மூன்று மாதம் சோதனை முறையில் வேலை. அன்று டிராமில் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன், அப்படி ஒரு சந்தோஷம்.

முதல் சில வாரங்கள் ராஜ வாழ்க்கை. எனக்கென்று மேசை, எனக்கென்று தொலைபேசி. கொழும்பா, கொச்சியா, தூத்துக்குடியா, குரலை வைத்தே யார் எவ்வளவு கூட்டுகிறார்கள் என்று சொல்லிவிடுவேன். நான் குறைத்துச் சொன்ன எண்கள் சரியாக இருந்ததால் பெர்ட்டுக்கு ஏகப்பட்ட உற்சாகம். அந்த உற்சாகத்தில் ஒரு புது விதி கொண்டுவந்தார்: கூட்டிக் கேட்டதாகத் தெரியவரும் அலுவலகம், அடுத்த மாதம் வரிசையில் கடைசி. யார் கூட்டுகிறார்கள் என்று சொல்ல வேண்டியது ரெஜினா. ஒன்பது வருடம் கூட்டிக் கேட்டதற்குச் சம்பளம் வாங்கினேன். இப்போது கூட்டிக் கேட்கிறவர்களைக் காட்டிக்கொடுக்கச் சம்பளம் வாங்குகிறேன். இந்த மேசையையும் விட முடியவில்லை.

விதி வந்த அதே வாரம் தூத்துக்குடியில் இருந்து ஒரு புதுக் குரல் அழைத்தது, சின்னப் பெண். பாடம் செய்து வைத்திருந்த ஆங்கிலத்தில் முப்பது பெட்டி கேட்டாள். அந்த முப்பதைச் சொல்லும்போது அவள் குரல் லேசாக ஏறிய விதத்தில் நானே என் பழைய அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் லாரி ஹாரன் கேட்டது. பெர்ட் காபியோடு வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, எத்தனை என்று புருவத்தை உயர்த்தினார். ஒரு நிமிடம் என்று அவருக்குக் கை காட்டிவிட்டு, என்னை அறியாமல் தமிழுக்குப் போய்விட்டேன்.

"ஏளா, எங்கிட்டயேவா? நெசமா எத்தன பொட்டி வேணும்?"

அவள் ஆங்கிலத்தை விட்டுவிட்டு மெதுவாக, "அக்கா, நீங்க எந்த ஊரு?" என்றாள்.

"மில்லர்புரம்" என்றேன்.

மூச்சை விட்டுச் சிரித்தாள். "முன்னாடியே சொல்லிருக்கலாம்லா? பதினஞ்சு போதும்க்கா. ஆனா அங்கன உள்ளவங்ககிட்ட மட்டும் சொல்லிராதீய, என்ன?"

சரி என்றுதான் சொன்னேன். எதிரே பெர்ட் காபியைத் தள்ளி வைத்துவிட்டு, வரிசைப் பட்டியலை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.