லோகேஸ்வரி வாசித்த நெல்

மருத்துவமனையிலிருந்து லோகேஸ்வரியின் பரிசோதனை முடிவு வரும் என்று தொலைபேசியின் அருகிலேயே இருந்தேன். மலையகத்து டயகமவிலிருந்து அவருடைய தங்கைதான் பேசினார். “அக்கா காலையில தவறிட்டாங்க மிஸ்.”

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து மரபணு ஆய்வாளரானவர் லோகா. அஞ்சலி செலுத்த வந்திருக்கும், ஆய்வுகூடத்தில் அவரோடு வேலைசெய்த உங்களுக்கு அவருடைய பதற்றம் தெரியும். மின்சாரம் நின்றால் குளிர்பெட்டியை நோக்கி முதலில் ஓடுபவர் அவர்தான். உலகின் பல ஆய்வுகூடங்கள் நெல்லின் முழு மரபணுத்தொடரைப் பங்கிட்டு வாசித்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் சிறு கூடம், வலப்பனைப் பக்கத்து நாட்டு நெல்லொன்றில் நோய்தாங்கும் பகுதியை மட்டும் வாசிக்க முயன்றது.

அந்த நெல்லின் இளம் இலைகளைத் திரவ நைட்ரஜன் குடுவையில் வைத்து நாங்கள் இருவரும் வேனில் கொண்டுவந்தபோது போர்க்காலச் சோதனைச்சாவடியில் மறித்தார்கள். மூடியைத் திறந்ததும் வெண்புகை எழுந்தது. சிப்பாய் பின்வாங்கித் துப்பாக்கியை நிமிர்த்தினான். லோகா சிங்களத்தில் விளக்கினார். அவரைப் போகச் சொன்னார்கள். என் அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி இருந்ததால், அதிகாரி வரும்வரை நான் இருக்க வேண்டுமாம்.

“நீங்கள் போங்கோ லோகா. இலையெல்லாம் பழுதாப் போகும்.”

“இலை போனா மறுபடி நாத்து போட்டுக்கலாம். பேசாம உக்காருங்க,” என்று என் பக்கத்தில் அமர்ந்தார்.

மாலையில் அதிகாரி வந்து ஆய்வுகூடத்தோடு பேசிய பிறகே விட்டார்கள். அதற்குள் நைட்ரஜன் ஆவியாகி இலைகள் கெட்டுவிட்டன. ஆய்வே கைவிடப்படும் என்று கூடத்தின் தலைவர் கடிந்துகொண்டார். லோகா தட்டுகளில் மண் நிரப்பி மீண்டும் விதைத்தார். முளை வரும்வரை இருவருக்கும் சோறு இறங்கவில்லை.

கடைசியில் வாசித்து முடித்தோம். ஓரிடத்தில் மட்டும் மரபணுத்தொடரின் எழுத்து தெளிவாகவில்லை. வேறொரு நெல்லைப் பார்த்து நிரப்பிவிடலாம் என்றார் தலைவர்.

“நாம பாக்காதத பாத்தோம்னு எப்படி சார் எழுதுறது? தெரியலன்னே போடுங்க.” வேலை போய்விடுமோ என்ற பயம் லோகாவின் குரலில் கேட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த இடம் ‘தெரியாது’ என்ற குறியோடே அச்சேறியது.

சென்ற வாரம், “அக்கா பொழைச்சிருவாங்களா மிஸ்?” என்று தங்கை கேட்டார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். பிறகு, “தெரியேல்லையம்மா,” என்றேன். அப்படிச் சொல்லும் தைரியம் லோகாவிடமிருந்து வந்தது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.